ஈறில் ரத்தக் கசிவு: வீட்டு வைத்தியத்தில் எது ஆற்றும், எது வெறுமனே மறைக்கும்?

கேள்விக்குறி:
பல் தேய்த்துத் துப்பினால் நுரையில் ரத்தம் தெரிகிறது. வலி இல்லை. கீழ் முன்பற்களின் உட்பக்கம் ஈறு சிவந்து லேசாக உப்பியிருக்கிறது. காய்ச்சல் இல்லை, தினசரி மாத்திரை எதுவும் இல்லை. கல்லுப்பு, நல்லெண்ணெய், மஞ்சள், கிராம்பு எண்ணெய், திரிபலா, கொய்யா இலை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை, எவ்வளவு, எத்தனை நாள்? எது கூடவே கூடாது? "உடம்புக்கு நல்லது" ரகப் பதில் வேண்டாம், அளவோடு சொல்லுங்கள்.

பல்லிடுக்கு:
ரத்தம் ஏன் வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒரு படலம் சேரும். நகத்தால் சுரண்டினால் ஈர மாவு மாதிரி வரும். அதிலுள்ள கிருமிகளோடு மல்லுக்கட்ட உடம்பு அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. ஈறின் உட்புறத் தோல் மெலிந்து புண்ணாகிறது. பிரஷ் பட்டதும் கசிகிறது. பிரஷ் குத்தி ரத்தம் வருவது இதைவிட அபூர்வம்.

1965-ல் ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி ஒழுங்காகச் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் ஒரு வாரம், பத்து நாளில் பழையபடி ஆகிவிட்டது. அங்கே மருந்தே கிடையாது, சுத்தம் செய்தது மட்டும்தான்.

நீங்கள் சொல்லும் இடம் கீழ் முன்பல்லின் உட்பக்கம். நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் வாய் திறப்பது அங்கேதான். எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து படலத்தில் இறங்கிச் சில நாளிலேயே கெட்டியாகிவிடும். அதைத்தான் காரை என்கிறோம். மேல் கடைவாய்ப் பல்லின் கன்னப்பக்கமும் இதே கதை. நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக, பல்லோடு ஒட்டிய கல் மாதிரி இருந்தால் எந்தக் கஷாயமும் அதைக் கரைக்காது.

மெல்லிழை:
ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேய்ப்பார்கள். அங்கே படலம் இன்னும் கூடும், ரத்தமும் கூடும். முதலில் அதை நிறுத்துங்கள்.

பிரஷ் 'சாஃப்ட்' என்று போட்டதாக இருக்கட்டும். 'மீடியம்', 'ஹார்ட்' வேண்டாம். பிரஷின் மயிர் பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி 45 டிகிரி சாய்த்து, விளிம்பை நோக்கி வையுங்கள். அழுத்தம், மயிர் லேசாக விரியும் அளவுக்கு மட்டும். இடத்தை விட்டு நகராமல் சின்னச் சின்ன அதிர்வாக ஒரு பத்து முறை. பிறகு பல்லின் கடிக்கும் முனையை நோக்கி ஒரு சுழற்றல். இரண்டு மூன்று பல்லுக்கு ஒரு தடவை இப்படி. கீழ் முன்பல் உட்பக்கத்துக்குப் பிரஷை நெட்டுக்குத்தாகப் பிடித்து, முன்நுனியால் ஒவ்வொரு பல்லாக. மொத்தம் இரண்டு நிமிடம், காலையும் இரவும். ஒரே மாதத்தில் மயிர் வெளிப்பக்கம் விரிந்துவிட்டால் நீங்கள் பல் தேய்க்கவில்லை, பாத்திரம் துலக்குகிறீர்கள்.

பல்லுக்கு நடுவில் பிரஷ் போகாது. அதற்கு நூல். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, சுமார் 45 செ.மீ. எடுத்து இரு கை நடுவிரலிலும் சுற்றுங்கள். நேராக 'டக்'கென்று இறக்கினால் ஈறு அறுபடும். அறுப்பது போல முன்னும் பின்னும் அசைத்து மெல்ல இறக்கி, ஒரு பல்லை அணைத்தாற்போல வளைத்து மேலும் கீழும் இழுங்கள். பிறகு பக்கத்துப் பல். இடைவெளி பெரிதாக இருந்தால் நூலைவிடச் சின்ன இடைப்பல் பிரஷ் நன்றாக வேலை செய்யும்.

முதல் மூன்று நான்கு நாள் ரத்தம் கூடலாம். ஏழாம் நாளிலிருந்து குறைய வேண்டும்.

மருந்துச்சீட்டு:
உப்புத் தண்ணி அளவு நான் சொல்றேன். 240 மில்லி வெதுவெதுப்பான தண்ணிக்கு அரை டீஸ்பூன் தூள் உப்பு, அதாவது மூணு கிராம் பக்கம். நம்ம ரத்தத்துக்குச் சமமான உப்புத் தண்ணின்னா லிட்டருக்கு 9 கிராம்; இது அதைவிடக் கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். கல்லுப்புன்னா கரைஞ்சு முடியுற வரைக்கும் கலக்குங்க, அடியில கல்லு நிக்கக் கூடாது. வாய்ல 30 விநாடி வெச்சுக் கொப்பளிச்சுத் துப்புங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை, ஒரு வாரம். "உப்பு கூடுனா வேலை சீக்கிரம் நடக்கும்"னு ரெண்டு ஸ்பூன் போடுறவங்க உண்டு. வாய் வறண்டு எரிச்சல்தான் மிச்சம். இரத்தக் கொதிப்புக்காரங்க முழுங்காமத் துப்பிட்டாப் போதும்.

உப்பை விரல்ல தொட்டு ஈறுல தேய்க்கவே கூடாது. அது காகிதத்துல மணல் ஒட்டித் தேய்க்குற மாதிரி.

அரைத்தமருந்து:
சித்த வைத்தியத்தில் இதற்குத் துவர்ப்புச் சரக்குகள்தான் முதன்மை. வீட்டில் செய்யத் தக்கது திரிபலா.

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சம எடை. கடுக்காயின் கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு டீஸ்பூன் சூரணத்தை 200 மில்லி நீரில் போட்டுச் சிறுதீயில் பாதியாக வற்றவிடுங்கள். இறக்கியதும் கலக்காமல் பத்து நிமிடம் வைத்தால் சக்கை அடியில் தங்கும். மேல் நீரைப் பருத்தித் துணியில் இரண்டு மடிப்பாக வடிகட்டுங்கள். தேநீர் வடிகட்டி போதாது. நுண்தூள் பல்லிடுக்கில் போய் உட்காரும். இளஞ்சூட்டில் ஒரு வாய் எடுத்து ஒரு நிமிடம், காலை இரவு. பத்து நாள்.

கொய்யா இலை என்றால் கொழுந்து இலை ஐந்தாறு, நன்றாகக் கழுவிக் கிழித்து ஒன்றரைத் தம்ளர் நீரில் ஒரு தம்ளராக வற்ற வைத்தால் சரி. மாசிக்காய் இவற்றைவிடக் கடுந்துவர்ப்பு. இழைத்து ஈறில் பூசுவார்கள். நீங்கள் ஆரம்பிக்கும்போதே அதற்குப் போக வேண்டாம்.

பல்லிடுக்கு:
துவர்ப்பு பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். துவர்ப்பு திசுவின் மேற்புறப் புரதத்தை இறுக்குகிறது, நுண்குழாய்கள் சுருங்குகின்றன, ரத்தம் நிற்கிறது. மூன்றாம் நாளே "ஆஹா நின்றுவிட்டது" என்று தோன்றும். ஈறுக்கு அடியில் படலமும் காரையும் அப்படியே இருக்கும். ரத்தம் நின்றது வேறு, ஈறு ஆறியது வேறு.

கொப்பளிக்கும் நீர் எதுவானாலும், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள ஈறுப் பையின் ஆழத்துக்கு இறங்குவதே இல்லை. ஆரோக்கியமான ஈறில் அந்தப் பை 1 முதல் 3 மில்லிமீட்டர். நான்கு, ஐந்து என்று ஆழமானால் வீட்டில் எதைக் கொப்பளித்தாலும் அங்கே எட்டாது.

அரைத்தமருந்து:
மறுக்கவில்லை. அதனால்தான் நான் 'பத்து நாள்' என்று வரையறுத்தேன், 'தினமும் ஆயுள் முழுக்க' என்று சொல்லவில்லை. பிரஷுக்குப் பதிலாகக் கஷாயம் என்று எடுத்துக்கொள்வது வைத்தியத்தின் தவறல்ல. கூடுதலாக ஒன்று: திரிபலா பல்லில் பழுப்புக் கறை விடும். தேநீர், காபி அதிகம் குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

இங்கே "ஆலும் வேலும் பல்லுக்குறுதி"யை யாராவது கொண்டு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த வேல் வேம்பு அல்ல, கருவேல். ரோட்டோரம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலும் அல்ல. அது வெளிநாட்டிலிருந்து வந்த வேறு மரம். குச்சி ஒடிப்பதானால் சுண்டுவிரல் கனம், ஒரு சாண் நீளம், பச்சையாக. நுனியை மென்று ஒரு செ.மீ. நாராக்கி, ஈறிலிருந்து பல் முனைக்கு இழுங்கள். குறுக்காகத் தேய்த்தால் ஈறு இறங்கும், பல் கழுத்தில் பள்ளம் விழும். பயன்படுத்திய நுனியை அன்றன்றே வெட்டிவிட வேண்டும்.

சும்மா_வந்தேன்:
பூண்டை நசுக்கி ஈறுல வெச்சு அமுக்குங்க, அரை மணி நேரத்துல நிக்கும். எலுமிச்சம்பழத் தோலால தேய்ச்சாலும் பளிச்னு ஆகும். வலி இருந்தா ஆஸ்பிரின் மாத்திரையை அங்கயே வைக்கலாம்.

பல்லிடுக்கு:
மூன்றும் வேண்டாம். மூன்றுமே ஈறில் அல்லது பல்லில் காயம் உண்டாக்கும். நசுக்கிய பச்சைப் பூண்டை அரை மணி நேரம் வைத்தால் தோல் வெந்து வெள்ளையாக உரியும். ஆஸ்பிரினும் அப்படியே, அது அமிலம். மாத்திரை விழுங்குவதற்கு, ஈறில் வைப்பதற்கு அல்ல. எலுமிச்சை பல்லின் எனாமலைக் கரைக்கும். அதன் மேல் உடனே பிரஷ் வைத்தால் மென்மையான மேற்பரப்பு சேர்ந்தே தேயும்.

மருந்துச்சீட்டு:
கிராம்பு எண்ணெயையும் இந்த வரிசையில சேருங்க. அது மரத்துப் போகச் செய்யும், ஈறை ஆத்தாது. வலி இருந்தா மட்டும், ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்ல ஒண்ணு ரெண்டு சொட்டு கலந்து பஞ்சுல தொட்டு வைக்கலாம். கலக்காம நேரா வெச்சா ஈறு எரிஞ்சுடும். சின்னப் பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க. குடிச்சுட்டா கல்லீரலே பாதிக்கும். முழுக் கிராம்பு வாங்கித் தட்டிப் போடுறவங்க தண்ணில போட்டுப் பாருங்க: எண்ணெய் எடுத்த சக்கைக் கிராம்பு மிதக்கும், நல்லது முழுகும்.

மஞ்சளுக்கு வருவோம். பாக்கெட் பிரிச்சதை ஒரு டீஸ்பூன் ஒரு தம்ளர் தண்ணில தூவி, கலக்காம விடுங்க. நல்ல மஞ்சள் அடியில படிஞ்சு தண்ணி வெளிறிய மஞ்சளா இருக்கும். தண்ணி முழுக்க அடர் மஞ்சளாச்சுன்னா சாயம். ஈயக் குரோமேட் கலக்குற ஆளுங்க உண்டு. ஈயத்தைப் போய் ஈறுல பூச வேண்டாம். அளவு: ஒரு டீஸ்பூன் மஞ்சள், அரை டீஸ்பூன் நுணுக்கிய உப்பு, குழையுற அளவுக்கு நல்லெண்ணெய். விரல் நுனியால விளிம்புல பூசி ரெண்டு நிமிஷம், அப்புறம் வாய் கழுவணும். தேய்க்கக் கூடாது. முன்பல்லுல வெள்ளை அடைப்பு போட்டிருந்தா மஞ்சள் ஏறிடும், போகாது.

கேள்விக்குறி:
எண்ணெய் கொப்பளிப்பு? அதற்குத்தான் இணையத்தில் ஏகப்பட்ட புகழ்.

மெல்லிழை:
புகழில் முக்கால் பங்கைக் கழித்துவிடுங்கள். தலைவலி, மூட்டுவலி எல்லாம் போகும் என்பது வெறும் பேச்சு. ஈறுக்கு மட்டும் ஓரளவு ஆதாரம் உண்டு. 2009-ல் சென்னையில் ஈறு வீக்கம் உள்ள 20 பையன்களிடம் நல்லெண்ணெயையும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு மருந்தையும் 10 நாள் ஒப்பிட்டார்கள். இரண்டு குழுவிலும் படலமும் வீக்கமும் குறைந்தன. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் நம் ஊரில் நடந்தது.

ஒரு டேபிள்ஸ்பூன் போதும், பத்து நிமிடம். தொண்டைக்கு எடுக்காமல், பல்லிடுக்கில் இழுத்துத் தள்ள வேண்டும். தாடை வலித்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். எண்ணெய் எச்சிலோடு கலந்து பால் மாதிரி வெளுத்து நீர்த்துவிடும். வாஷ்பேசினில் துப்பாதீர்கள், குழாயில் படிந்து அடைக்கும். குப்பைக் காகிதத்தில் துப்பி, வெதுவெதுப்பான நீரில் வாய் கழுவி, பிறகு பிரஷ். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், விழுங்குவதில் சிரமம் உள்ள வயதானவர்களுக்கும் கூடாது. எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் அழற்சி வரும்.

மருந்துச்சீட்டு:
குளோர்ஹெக்சிடின் பேர் வந்ததால அதையும் முடிச்சிடுறேன். 0.2 சதவீதம், 10 மில்லி, ஒரு நிமிஷம், ரெண்டு வேளை. பேஸ்ட் போட்டுத் தேய்ச்ச கையோட கொப்பளிச்சா பேஸ்ட்டோட நுரைப்பொருள் மருந்தை மழுங்கடிச்சுடும். நடுவுல அரை மணி நேரம் விடுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல நீங்களா வாங்கி ஊத்தாதீங்க, பல்லு பழுப்பாகும், நாக்கு ருசி கெடும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு எடுக்கிறவங்க லேபிளைப் படிக்கணும். வெளிநாட்டுக் குறிப்பெல்லாம் 3 சதவீத பாட்டிலை வெச்சு எழுதினது, "ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு தண்ணி"ம்பாங்க. நம்ம கடைல கிடைக்கிற '20 வால்யூம்' பாட்டில் 6 சதவீதம். அதே கணக்கைப் போட்டா ரெட்டை மடங்கு காரம். ஒரு பங்குக்கு அஞ்சு பங்கு தண்ணி ஊத்தினாத்தான் 1 சதவீதம் வரும். ஒரு வாரம் போதும். முழுங்கக் கூடாது.

பனங்குருத்து:
எங்கட பக்கம் ஈறை முரசு எண்டுதான் சொல்லுறது. அதனாலை தலைப்பை விளங்கிக்கொள்ளவே ரெண்டு நிமிசம் எடுத்தது.

மேலே சொன்ன அதே லோ, 1970இலே இலங்கையிலே இன்னொரு வேலையும் தொடங்கினவர். 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளர், எல்லாரும் ஆம்பிளையள். பல் வைத்தியம் கிடையாது, பற்தூரிகைப் பழக்கமும் கிடையாது. 15 வருசம் திரும்பத் திரும்பப் போய்ப் பல்லை அளந்தவை. எல்லாருக்கும் காரை, எல்லாருக்கும் முரசிலை ரத்தம். ஆனால் 8 வீதம் பேருக்கு எலும்புப் பிடி மளமளவெண்டு கழண்டு, 45 வயசிலை வாயிலை பல்லே இல்லை. 81 வீதத்துக்கு மெல்ல மெல்ல. 11 வீதத்துக்கு முரசு சிவந்ததோடை சரி. இத்தனைக்கும் அந்த ஆக்களுக்குப் பூச்சிப்பல் எண்டது இல்லாத மாதிரித்தான். சொத்தை இல்லாமலே முழுப் பல்லும் விழும் எண்டதுக்கு இதுக்கு மேலை சாட்சி வேணுமே? நீங்கள் எந்தப் பங்கிலை இருக்கிறியள் எண்டு கண்ணாடியிலை பாத்துச் சொல்லேலாது.

கேள்விக்குறி:
அப்படியானால் டாக்டரிடம் கிளீனிங் (காரையை எடுக்கும் ஸ்கேலிங்) செய்துவிடலாம் என்று பார்த்தால், "ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும்" என்று பயமுறுத்துகிறார்கள்.

பல்லிடுக்கு:
இடைவெளி ஏற்கனவே விழுந்துவிட்டது, காரை அதை அடைத்துக்கொண்டு நின்றது. எடுத்ததும் வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வற்றிச் சுருங்குவதால் பல் நீளமானது போலவும் இருக்கும். ஆடுவதும் அப்படித்தான்: எலும்பு கரைந்த பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டியிருந்தது காரை. சில நாள் குளிர்ந்த நீர் கூசும், பிறகு அடங்கும். எனாமல் உரியாது, கருவியின் முனை அதிர்ந்து காரையைத் தெறிக்க வைக்கிறது.

கேள்விக்குறி:
வைட்டமின் சி குறைவாக இருக்குமோ? நெல்லிக்காய் தினம் சாப்பிடலாமா?

அரைத்தமருந்து:
சாப்பிடலாம். பற்றாக்குறை இருந்தால்தான் அது மருந்து. இல்லாதவருக்கு அது நல்ல காய், அவ்வளவே. பழமும் பச்சைக் காயும் தொடாமல், வெந்த சோறும் டீயும் பிஸ்கட்டுமாகவே மாதக்கணக்கில் ஓட்டும் தனிக்கட்டை முதியவர்களிடம் இதைச் சந்தேகிக்கலாம். ஒரு கொய்யா, அல்லது ஒரு பெரிய நெல்லி, ஒரு நாளுக்குப் போதும். ஊறுகாயாக, வேகவைத்ததாக வேண்டாம், சூட்டில் அழியும் சத்து அது. சர்க்கரைப் பாகில் ஊறிய தேன்நெல்லியைப் பல் வைத்தியம் என்று நினைக்க வேண்டாம்.

மருந்துச்சீட்டு:
வீட்டு வைத்தியமே பண்ணக் கூடாத ஆளுங்க லிஸ்ட்டும் வேணும்.

காய்ச்சலோட ஈறுல ரத்தம் வந்தா டெங்கு சீசன்ல நேரா ஆஸ்பத்திரி. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் இறங்கியிருக்கலாம். ஐபுரூஃபென், ஆஸ்பிரின் தொடவே கூடாது. காரணம் தெரியாம உடம்புல நீலத் திட்டு, அசதி, எடைக் குறைவு, ஈறு பஞ்சு மாதிரி ஊதினா ரத்தப் பரிசோதனை உடனே.

இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அசெனோகூமரால் மாதிரி ரத்தம் உறையாம தடுக்கிற மாத்திரை எடுக்கிறவங்க ரத்தம் வருதுன்னு தானா மாத்திரையை நிறுத்திடாதீங்க. நிறுத்துனா நெஞ்சுக்கு ஆபத்து. எழுதின டாக்டர்கிட்டச் சொல்லுங்க. பிரஷர் மாத்திரை அம்லோடிபின், வலிப்பு மாத்திரை ஃபெனிடாயின் ரெண்டுமே சிலருக்கு ஈறைச் சதை சதையா வளர வைக்கும்; உப்புத் தண்ணிக்கு அது அடங்காது.

பல்லிடுக்கு:
கர்ப்பிணிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் மாற்றத்தால் அதே அளவு படலத்துக்கும் ஈறு அதிகமாக வீங்கும். "பிள்ளை பெற்ற பிறகு பார்த்துக்கலாம்" என்று தள்ளுவார்கள், தேவையில்லை. கிளீனிங் செய்யலாம், நான்கு முதல் ஆறாம் மாதம் வசதி. சர்க்கரை நோய் இருந்தால் ஈறு ஆறாது, ஈறு வீங்கினால் சர்க்கரையும் அடங்காது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

புகை பிடிப்பவர்கள் "எனக்கு ரத்தமே வருவதில்லை" என்பார்கள். நிகோடின் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கிறது, உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். விட்ட சில வாரத்தில் ரத்தம் தெரிய ஆரம்பித்தால் பயந்து மறுபடி பற்றவைக்காதீர்கள். மேலே துவர்ப்புக்குச் சொன்னதுதான் இங்கேயும்.

கேள்விக்குறி:
சரி, இன்றிரவே தொடங்குகிறேன்: சாஃப்ட் பிரஷ், நூல், உப்புத் தண்ணீர். திரிபலா வேண்டுமென்றால் இரண்டாம் வாரம். நாக்கில் சொரசொரப்புத் தட்டுகிறது, ஆகவே கிளீனிங்குக்கும் நேரம் வாங்கிவிட்டேன். தேறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கஷாயத்தை மொத்தமாக வைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

மெல்லிழை:
நூல் போடும்போது எந்தெந்த இடுக்கில் ரத்தம் வந்தது என்று இரவில் எண்ணிக் குறித்து வையுங்கள். முதல் நாள் பதினைந்து என்றால் பதினான்காம் நாள் இரண்டு மூன்றுக்கு வந்திருக்க வேண்டும். ஒரே இடுக்கில் மட்டும் விடாமல் வந்தால் அந்த இடத்தை டாக்டரிடம் விரல் வைத்துக் காட்டுங்கள். அடியில் காரையோ, விளிம்பு துருத்திய பழைய அடைப்போ, உடைந்த உறையோ இருக்கும். கஷாயம் கொப்பளித்துவிட்டுக் கணக்கெடுக்காதீர்கள், பொய்க் கணக்கு வரும்.

அரைத்தமருந்து:
காலையில் வைத்தது அன்றிரவோடு சரி. மறுநாள் புளித்த வாடை வரும், அடியில் வண்டலும் கட்டும். ஒரு டீஸ்பூன் சூரணத்துக்கு நூறு மில்லி கிடைக்கிறது, இரண்டு வேளைக்கு அதுவே தாராளம். எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சுங்கள். இரும்புச் சட்டியில் வைத்தால் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து மை மாதிரி கறுத்துவிடும்.